வாட்சனைத் தூக்குங்க சித்தப்பா

2019 ஏப்ரல். பேரருவி வெறும் பாறையாகக் கிடந்தது. சாரல் தொடங்க ஜூன் ஆகும். குற்றாலத்தில் சித்தப்பாவின் புரோட்டா கடையில் ஈ ஓட்டியபடி நானும் மாஸ்டரும் செல்போனில் ஐபிஎல் பார்ப்போம். அரசுத் தேர்வில் நான் இரண்டாவது முறையும் தோற்றிருந்த நேரம். தென்காசியில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த சீசனில் என் எரிச்சல் முழுக்க ஷேன் வாட்சன் மேல். 2018 இறுதி ஆட்டத்தில் முதல் பத்து பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்று, பிறகு 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே ஆள், இந்த முறை பத்து ஆட்டத்தில் எடுத்தது 147. ஓர் அரைசதம்கூட இல்லை. ஆனாலும் தோனியும் ஃபிளெமிங்கும் அவரைத்தான் தொடக்கத்தில் இறக்கினார்கள்.

"பழைய பேருக்காக வச்சிருக்காங்க சித்தப்பா. தூக்கிட்டு ஒரு சின்னப் பையன இறக்குனா என்ன?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அருவில தண்ணி இல்லன்னு மலையவாலே மாத்துவ?"

ஏப்ரல் 23, சேப்பாக்கம். வாட்சன் 53 பந்தில் 96. மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மே 12 இறுதி ஆட்டத்தில் 80 அடித்து, கடைசி ஓவரில் ரன் அவுட். ஒரு ரன்னில் தோற்றோம். முழங்காலில் ரத்தம் ஊறிய கால்சட்டையோடு அவர் ஆடிய படத்தைப் பிறகுதான் பார்த்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே முடித்தால் 'நம்பினால் நடக்கும்' என்று ஒரு போஸ்டர் அடிக்கலாம். ஆனால் 2021 இருக்கிறதே. ரெய்னா 12 ஆட்டத்தில் 160. அதே தோனி, அதே ஃபிளெமிங். இந்த முறை ரெய்னாவின் இடத்துக்கு உத்தப்பா வந்தார். டெல்லிக்கு எதிரான தகுதி ஆட்டத்தில் 63 அடித்தார். கோப்பையும் வந்தது. வாட்சனைத் தூக்கச் சொன்ன நான், 'சின்ன தல'யை எப்படித் தூக்கலாம் என்று குதித்தேன்.

அடுத்த வருஷ சாரலில் மாஸ்டருக்குத் தோள் தேய்ந்துவிட்டது. சித்தப்பா அவரைக் கல்லிலிருந்து எடுத்து சால்னா பக்கம் போட்டார். கல்லுக்கு ஒரு புதுப் பையன்.

"மாஸ்டர் மட்டும் மலை இல்லியா சித்தப்பா?"

"தண்ணி வரலன்னா காத்திருக்கலாம்லே. தோள் போச்சுன்னா எதுக்குக் காத்திருக்க? ஆனா அத நான்தான் அவன்ட்ட மொதல்ல சொல்லணும். வேற ஆளு சொல்லி அவன் கேக்கக் கூடாது."

கடை திறப்பதற்கு முன், ரெண்டு டீ சொல்லி, எதிரே உட்கார்ந்து சொன்னாராம். மாஸ்டர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

ரசிகனுக்கு ரன் கணக்குதான் தெரியும். பந்து மட்டையின் நடுவில் படுகிறதா, கால் நேரத்துக்கு நகர்கிறதா என்பதெல்லாம் வலைப்பயிற்சியில் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்குக் கண்ணும் வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியமும் வேண்டும். இப்போதும் சென்னை தோற்றால் கத்துகிறேன். முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.

நான்காவது முறையும் தேர்வு முடிவில் என் எண் இல்லாத அன்று, காலையில் கடை திறப்பதற்கு முன்பே சித்தப்பா கூப்பிட்டார். போனேன். மேசையில் ரெண்டு டீ இருந்தது.