எந்தக் கூட்டத்தில் முப்பத்தொன்று?

58, 31. ஒரே சீட்டில் இரண்டு எண்கள். அடிவாரத்துத் தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதிய கொல்லிமலைப் பெண் ஒருத்திக்கு வந்தது அது. செம்மேட்டில் அவளுடைய அப்பா அதை என்னிடம் நீட்டி, “இதுல எது சார் எங்க பாப்பாவோட மார்க்கு? முப்பத்தொண்ணுன்னா ஃபெயிலா?” என்று கேட்டார். மிளகும் காபியும் போட்டிருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு முடித்தவள் அந்தப் பெண்தான்.

58 என்பது அவள் நூற்றுக்கு எடுத்த மதிப்பெண். 31 என்பது பெர்சன்டைல். எழுதியவர்களில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர் அவளைவிடக் குறைவாக எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். 400 பேர் எழுதியிருந்தால் 124 பேர் அவளுக்குக் கீழே. தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சே அந்த எண்ணில் இல்லை. அப்பாவுக்கு இதைச் சொன்னதும் கொஞ்சம் நிம்மதி. எனக்கு அந்த எண் எங்கிருந்து கிளம்பி இந்த மலைக்கு வந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

தேடிப் போனால் லண்டன் வருகிறது. 1884இல் தெற்குக் கென்சிங்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஃபிரான்சிஸ் கால்டன் ஓர் அளவைக்கூடம் போட்டார். மூன்று பென்ஸ் கொடுத்தவர்களின் உயரம், எடை, பார்வைக் கூர்மை, கைப்பிடியின் வலு, மூச்சின் கொள்ளளவு எல்லாம் அளக்கப்பட்டன. 9,337 பேர் வந்தார்கள். ஒருவரின் பலத்தை வெறும் எடைக்கணக்கில் சொல்வதைவிட, கூட்டத்தில் எத்தனை விழுக்காட்டினருக்கு மேலே நிற்கிறார் என்று சொன்னால் எளிதில் விளங்கும் என்று கண்டு, மறு ஆண்டு அட்டவணை வெளியிட்டார். பெர்சன்டைல் என்ற பெயரும் அவர் வைத்ததே. உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று மனிதரைப் பிரித்த யூஜெனிக்ஸ் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. இதை மறந்துவிட்டு அந்த அட்டவணையைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் கணக்கு நேர்மையானது. கண்காட்சிக்கு வந்து காசு கொடுத்தவர்களைப் பற்றி மட்டும் அது பேசியது.

வேறு வேறு தேர்வு எழுதியவர்களை ஒரே தட்டில் நிறுக்க வேண்டிய நெருக்கடி நமக்கும் வந்தது. 1984இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு நீக்கியபோது, மாநிலப் பாடத்திட்டத்தையும் பிற பாடத்திட்டங்களையும் சமப்படுத்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வகுத்தது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 என்றால், அந்த 90 நூறாகக் கொள்ளப்படும். அங்கே 60 எடுத்தவருக்கு 66.66. கல்லூரி வாசலில் ஒரு மாணவரின் எண், அவர் பார்த்தே இராத முதல் மாணவரால் ஏறுகிறது.

இலங்கையில் இதே வேலை காயமாகிப் போனது. 1971இல் மருத்துவப் படிப்புக்குத் தமிழ் மாணவருக்கு 400க்கு 250 வேண்டியிருந்தது, சிங்கள மாணவருக்கு 229 போதும். அதைத் தொடர்ந்து மொழிவாரியாக மதிப்பெண்ணை மாற்றியமைக்கும் தரப்படுத்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை அந்தச் சொல்லை எப்படி உச்சரித்தது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். எந்தக் கூட்டத்தோடு யாரை வைத்து ஒப்பிடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது கணக்கு அல்ல, அதிகாரம்.

ஒப்பிடுவதெல்லாம் ஒதுக்கத்தான் என்றில்லை. அறிவுச் சோதனைகளின் பிறப்பில் வேறொரு நோக்கமும் இருந்தது. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே தன் சோதனையைச் செய்தது எந்தக் குழந்தைக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கண்டுபிடிக்க, வெளியே நிறுத்த அல்ல. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த லாகூர்ப் பேராசிரியர் சி.எச். ரைஸ், அயல்நாட்டு அளவுகோலை அப்படியே வைத்துவிடாமல், இந்துஸ்தானியில் பஞ்சாப்புச் சிறுவர்களைச் சோதித்து அளவுகோலைத் திரும்ப வகுத்தார். 1929இல் அது நூலாக வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பிள்ளைகளை யாரோடு ஒப்பிடுவது என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுவதற்கு மலையிலேயே நேரான உதாரணம் இருக்கிறது. செங்கரையில் உள்ள ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தேர்வில் போட்டியிடுகிறவர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பிள்ளைகள். அந்தப் பெண்ணின் சித்தப்பா மகன் அங்கே முன்வரிசையில் வந்தான். அவனையே நகரத்துக் கூட்டத்தில் உட்கார வைத்தால் எண் இறங்கும், அவன் தலைக்குள் இருப்பது ஒரு துளியும் குறையாது. அக்காவின் 31ம் அப்படித்தான். எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளிகள் தேர்வு வைத்துச் சலித்தெடுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. பதினொன்றாம் வகுப்புக்கு அந்தக் காப்பு எட்டாது.

அடிவாரப் பள்ளிக்கு அப்பாவும் நானும் போனோம். நாமக்கல், ராசிபுரம், சேலம், ஈரோட்டுப் பிள்ளைகளே அதிகம், பலர் எட்டாவதிலிருந்தே நீட் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்று அலுவலகத்தில் பொறுமையாகவே சொன்னார்கள். பாடவாரி மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். கணக்கில் 25க்கு 21. விழுந்தது ஆங்கிலத்தில்.

“எங்க மலைப் புள்ளைங்க எத்தனை பேரு எழுதுனாங்கன்னு கேளுங்க சார்” என்றார் அப்பா. அந்தக் கணக்கு எடுப்பதில்லை என்றார்கள். எத்தனை பேர் எழுதினார்கள், எந்தெந்த ஒன்றியத்திலிருந்து வந்தார்கள், பாடத்துக்கு எவ்வளவு என்ற மூன்றையும் அடுத்த ஆண்டுச் சீட்டில் சேர்த்து அச்சிடும்படி மனு எழுதி, அவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.