வேர்கள் பிழைத்த பள்ளத்தாக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டு. அதன் வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் பரோசா பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. விரைந்து செல்வோர் ஒரு மணி நேரத்தில் அங்குச் சேர்ந்துவிடலாம். ஆயினும், அது விரைந்து கடப்பதற்குரிய வழியன்று. ஏப்ரல் மாதம் அந்நாட்டின் இலையுதிர் காலம். அறுவடை முடிந்த திராட்சைக் கொடிகள் மஞ்சளும் செம்மையுமாகப் பழுத்து, குன்றுச் சரிவெங்கும் வரிவரியாக நிற்கும். நீலகிரிக்கு ஆஸ்திரேலியா தந்த தைல மரத்தின் உறவினங்கள் சாலையின் இருமருங்கிலும் நிழல் பரப்பும்.

முதலில் வரும் சிற்றூர் லிண்டாக். 1811இல் ஸ்பெயின் நாட்டின் பரோசாவில் நடந்த போரையும், அதில் வென்ற லினடாக் பிரபுவையும் நினைந்து, நில அளவையாளர் வில்லியம் லைட் இப்பகுதிக்குப் பெயர்களைச் சூட்டினார். இரு பெயர்களிலுமே ஆங்கில எழுத்துகள் பிழைபட்டுப் பதிவாயின; பிழையே பெயராக நிலைத்தும் விட்டது. தொல்குடியினர் பன்னெடுங்காலம் வாழ்ந்த அந்நிலத்திற்கு அவர்கள் வழங்கிய பெயர்களை அன்று எவரும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

சற்றுத் தொலைவில் பெத்தனி. பிரஷ்ய மன்னர் விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துக் கடல் கடந்த சைலீசிய லுத்தரன் குடும்பங்கள் 1842இல் அமைத்த ஊர் இது. ஒரே தெரு, தெருவை ஒட்டி வீடுகள், ஒவ்வொரு வீட்டின் பின்னும் நீண்ட பட்டையாக ஒரு விளைநிலம். தாய்நாட்டு ஊரமைப்பை அவ்வாறே பெயர்த்து வந்து நட்டிருக்கிறார்கள்.

அடுத்துள்ள தனுண்டாவில் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். 1843இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் இங்கு இன்றும் காய்க்கின்றன. அவற்றின் தண்டு முறுக்கேறி, முதியவரின் முழங்கை போலத் தோன்றும். அவை பிழைத்த வரலாறு வியப்புக்குரியது. அசுவினிக்கு உறவான ஃபில்லாக்சரா என்னும் நுண்பூச்சி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை அடைந்து, திராட்சை வேர்களை அரித்து அழித்தது. பிறகு அங்குள்ள உழவர்கள் அமெரிக்க வேர்த்தண்டின்மீது ஒட்டுக்கட்டியே கொடி வளர்க்க நேர்ந்தது. 1877இல் அப்பூச்சி அண்டை மாநிலமான விக்டோரியாவிலும் காணப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா விழித்துக்கொண்டு, 1899இல் அதற்கெனவே தனிச்சட்டம் இயற்றியது. பூச்சி இன்றளவும் அம்மாநில எல்லைக்குள் நுழையவில்லை. காலணியில் ஒட்டிய மண்ணே அதனைக் கொண்டுவரப் போதுமாதலால், கொடிகளுக்கிடையே நடக்க வேண்டா என்று தோட்ட வாயில்களில் எழுதி வைத்திருக்கின்றனர். பயணி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும். அதில் குறையொன்றும் இல்லை.

பூச்சியிடம் தப்பிய கொடிகளுக்கு அங்காடியால் ஆபத்து வந்தது. 1980களில் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தபோது, கொடிகளைப் பிடுங்கி எறிவதற்கு அரசே உழவர்க்குப் பணம் கொடுத்தது. நூறாண்டு கண்ட கொடிகள் பல அப்போது வேரோடு சாய்ந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உழவரிடம் பழம் வாங்க வேண்டா என்று தம் நிறுவனம் பணித்தபோது, கொடுத்த வாக்கை மீற மனமில்லாத பீட்டர் லேமன், தாமே வேறு நிறுவனம் தொடங்கி அவர்களது விளைச்சலை வாங்கினார். எஞ்சிய கொடிகளைக் காத்ததில் அவரைப் போன்றோரின் பங்கு சட்டத்தின் பங்கிற்குக் குறைந்ததன்று. இன்றோ 125 ஆண்டு கடந்த கொடிகளை ‘மூதாதைக் கொடிகள்’ எனப் பெயரிட்டுப் போற்றுகின்றனர்.

மாலையில் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு செல்லும் சாலையில் திரும்பினால், இருபுறமும் பேரீச்சை இன மரங்கள் அணிவகுத்து நிற்கும். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையாள்களை நீக்க விரும்பாத செப்பெல்ட் குடும்பத்தார், அவர்களைக் கொண்டு நட்ட மரங்கள் இவை. சாலையின் முடிவில் அக்குடும்பம் நிறுவிய பழைய மதுக்கிடங்கு உள்ளது. 1878இல், நூறாண்டுகள் திறக்கலாகாது என்று சொல்லி அங்கு ஒரு பீப்பாயை ஒதுக்கி வைத்தனர். அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாக வைத்து வந்த பீப்பாய்கள், மாடியில் ஆண்டெண் பொறித்து வரிசையாக உள்ளன. பார்க்க வருவோர் பெரும்பாலும் தாம் பிறந்த ஆண்டைத்தான் முதலில் தேடுகிறார்கள்.