ஆச்சேயில் எங்கள் இறுதி நாள்

பயணத்தின் கடைசி நாள் பெரும்பாலும் சாமான் வாங்குவதிலும் பெட்டி கட்டுவதிலுமே கழிந்துவிடும். 18 மாணவர்களோடு இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் நான் கழித்த கடைசி நாள் அப்படி அமையவில்லை.

அன்று ஸுபஹ் தொழுகையை பைத்துர் ரஹ்மான் பெரிய பள்ளிவாசலில் நிறைவேற்றினோம். 1873இல் மூண்ட போரில் பழைய பள்ளி எரிந்தது. ஆச்சே மக்களின் மனத்தாங்கலைத் தணிக்க டச்சுக்காரரே 1879இல் அடிக்கல் நாட்டி, 1881இல் இதனைக் கட்டி முடித்தார்கள். அன்று ஒரேயொரு குவிமாடம், இன்று ஏழு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நகரைச் சிதைத்தபோதும் இப்பள்ளி நிலைத்து நின்றது.

அங்கிருந்து மின்சாரக் கப்பலைப் பார்க்கச் சென்றோம். 2,600 தொன் எடையுள்ள அந்தக் கப்பலைக் கடல் தூக்கி வந்து, கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கும் அப்பால் வீடுகளின் நடுவே வைத்துவிட்டது. இன்றும் அங்கேயே இருக்கிறது. மாணவர்கள் மேல்தட்டில் ஏறிப் படம் பிடித்தார்கள், சிரித்தார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களில் ஒருவர்கூட அந்நாளில் பிறந்திருக்கவில்லை.

பகலுக்கு முன் கடலோரச் சேற்றில் இறங்கினோம். ஊர் இளைஞர்களோடு சேர்ந்து கண்டல் கன்றுகள் நடுவதுதான் எங்களுக்குத் தரப்பட்ட பணி. கண்டலின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கும். அலையின் வேகத்தையும் ஓரளவு குறைக்கும். முழங்கால் வரை புதைந்தபடி மதியம் வரை நட்டோம். பாஷை தெரியாவிட்டாலும் ஸலாமும் புன்னகையும் போதுமாக இருந்தன.

பணி முடிந்தபின் சிமெலுவே தீவின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். 1907இல் அத்தீவைச் சுனாமி தாக்கியது. தப்பியவர்கள் "ஸ்மொங்" என்ற சொல்லைத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள். பெரிதாக நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பாடம். தாய்மார் தாலாட்டிலும் அதைப் பாடினார்கள். 2004இல், ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலைக்குப் பலியானவர்கள் ஏழே பேர் என்று கூறப்படுகிறது.

அஸருக்குப் பின் உலே லேயில் உள்ள பொது மையவாடிக்குச் சென்றோம். 14,000க்கும் அதிகமானோர் அங்கே ஒன்றாக அடக்கப்பட்டிருக்கிறார்கள். தனித்தனி மீஸான் கிடையாது, புல்வெளி மட்டும்தான். துஆ ஓதி முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "ஹஸரத், நம்முடைய ஊரிலும் அன்று மௌத்தானவர்கள் இருக்கிறார்களா? நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே?"

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு முன் நான் நாணி நின்றேன். என் ராத்தாவின் மகன் அந்த ஞாயிறு காலை, கரைக்குள் வந்து திரும்பிய கடலை வேடிக்கை பார்க்க ஓடியவன். வயது பத்து. அவன் ஜனாஸா எங்களுக்குக் கிடைக்கவில்லை. ராத்தாவின் மனம் நோகுமே என்று வீட்டில் அவன் பெயரை எடுப்பதில்லை. அந்த மௌனத்தைப் பொறுமை என்றே நான் எண்ணியிருந்தேன். கிழக்குக் கரையில் பிறந்து, இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும், கடல் விலகினால் ஓடுங்கள் என்று ஒரு மாணவனுக்கேனும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்று அந்தப் புல்வெளியின் ஓரத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதலில் ராத்தாவிடம் போய், மாணவர்கள் அவனுக்காக துஆச் செய்ததைச் சொன்னேன். அவர் அழுதார். பிறகு, "அவனைப் பற்றி இன்னும் என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லப்படாத பெயர் ஒன்று இருக்கலாம். பிள்ளைகளை அருகில் அழைத்துச் சொல்லுங்கள். கடல் எப்போது விலகும் என்று நாம் அறியோம். விலகினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதையாவது அவர்கள் அறிந்திருக்கட்டும்.