பதின்மூன்று கோடுகள்

தென்கொரியாவின் தேகு நகரில் ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில், சனிக்கிழமைதோறும் தூரிகை எழுத்துப் பயிலச் சென்றுவந்தேன். ஆசிரியர் எழுபது வயதைக் கடந்தவர். பயில்வோர் அறுவர், அவர்களுள் அயல்நாட்டான் நான் ஒருவனே. முதல் மூன்று மாதங்கள் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் மட்டுமே எழுதினோம். நான்காம் மாதத்தில் ஒருநாள் ஆசிரியர் என் தாளின் உச்சியில் ஒரு சீன எழுத்தை வரைந்து, “இதை நூறு முறை எழுதுங்கள்” என்றார். மதிப்பு என்னும் பொருளுடைய எழுத்து அது.

அதற்குப் பதின்மூன்று கோடுகள். இடப்பாதியின் தலையில் புல்லைக் குறிக்கும் வடிவம். அதன்கீழ் ஒரு வளைவு. வளைவுக்குள் வாயைக் குறிக்கும் சிறு சதுரம். வலப்பாதியோ கோலேந்திய ஒரு கை. ஜப்பானியர் புல்வடிவத்தில் ஒரு கோட்டைச் சுருக்கிப் பன்னிரண்டாக எழுதுவர். அதனைச் சீனர் ஜிங் என்றும், கொரியர் கியொங் என்றும், ஜப்பானியர் கெய் என்றும், வியட்நாமியர் கிங் என்றும் ஒலிக்கின்றனர்.

சென்ற இடமெல்லாம் அவ்வெழுத்து ஒரு வேலையைத் தேடிக்கொண்டது. சீனாவிலும் கொரியாவிலும் ஜப்பானிலும் படைவீரர் செலுத்தும் வணக்கத்திற்குரிய சொல் இதனைக் கொண்டே தொடங்குகிறது. ஜப்பானிய மொழியின் மரியாதை வழக்குக்குக் கெய்கோ என்று பெயர். அந்நாட்டில் முதியோரைப் போற்றும் நாள் 1966 முதல் தேசிய விடுமுறை. அதன் பெயரிலும் முதலெழுத்து இதுவே. கொரியச் சிற்றூர்களில் முதியோர் கூடி அமரும் கூடத்தைக் கியொங்னோதாங் என்பர். வியட்நாமியர் இன்று உரோமன் எழுத்துகளில் எழுதுகின்றனர். எழுத்து வழக்கொழிந்தும் ஒலி நிலைத்துவிட்டது. அவர்களுடைய அலுவல் மடல்கள் அச்சொல்லில்தான் தொடங்குகின்றன. ஜப்பானியரின் முறைசார் மடல்களோ அதே எழுத்துடைய சொல்லில் முடிகின்றன.

நூறு முறை எழுதியதைக் காட்டினேன். ஆசிரியர் நெடுநேரம் பார்த்தார். “இடப்பாதியில் விரைகிறீர்கள். வேறெங்கோ போக வேண்டியவர்போல் எழுதியிருக்கிறீர்கள்” என்றார். பிறகு இதே எழுத்தின்கீழ்ச் சொல்லைக் குறிக்கும் உறுப்பை எழுதினார். எச்சரிக்கை என்று பொருளாயிற்று. குதிரையை எழுதினார், திடுக்கிடுதல் என்றாயிற்று. அவ்விடங்களில் இது பெரும்பாலும் ஒலிக்காகவே நிற்கிறது என்பது அறிஞர் கருத்து. ஆசிரியர் அதற்கு உடன்படவில்லை. விழிப்பு இல்லாத இடத்தில் மதிப்பு இல்லை என்பது அவர் துணிபு. இலக்கணம் அறிஞர் பக்கம் இருந்தாலும், என் மனம் ஆசிரியர் பக்கம் சாய்ந்தது.

தேநீர் அருந்தும்போது, “உங்கள் தந்தையார் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். அம்மா மறைந்தபின் அப்பா தஞ்சைக்கு அருகே எங்கள் ஊரில் தனித்திருந்தார். “நலமாக இருக்கிறார். மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறேன்” என்றேன், சற்றுப் பெருமிதத்துடன். அவர் மறுமொழி கூறவில்லை. கன்பூசியசிடம் மாணவர் ஒருவர் பெற்றோரைப் பேணுவது பற்றிக் கேட்ட கதையைச் சொன்னார். நாய்க்கும் குதிரைக்கும்கூட நாம் உணவிடுகிறோம்; இந்த ஒன்று இல்லையெனில் அதற்கும் இதற்கும் வேற்றுமை யாது என்று கன்பூசியஸ் வினவினாராம். ‘இந்த ஒன்று’ என்னுமிடத்தில் ஆசிரியரின் விரல் என் தாளின்மீது இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் எங்களைச் சோசு கல்விச்சாலைக்கு அழைத்துச் சென்றார். 1543இல் ஜூ செபுங் என்பவர் நிறுவியது. 2019இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அருகே ஓடும் சிற்றாற்றின் மறுகரைப் பாறையில் இவ்வெழுத்து செதுக்கப்பட்டுச் செந்நிறம் பூசப்பட்டிருக்கிறது. அரியணை இழந்த இளம் மன்னனை மீட்க முயன்றதற்காக 1457இல் கொல்லப்பட்டோரின் உடல்கள் அந்த ஆற்றில் வீசப்பட்டன என்றும், இரவுகளில் எழுந்த அழுகுரலை அமைதிப்படுத்தவே ஜூ செபுங் இதனைச் செதுக்கினார் என்றும் அவ்வூரார் கூறுவர். கதை மெய்யோ பொய்யோ, இறந்தோர்க்குச் சோறோ பூவோ வைக்காமல் ஓர் எழுத்தை வைத்தனரே என்று வியந்து நின்றேன்.

அன்றிரவு அப்பாவை அழைத்தேன். வழக்கமாக ஐந்து நிமிடங்களில் முடியும் பேச்சு. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆகவே எழுத்தின் கதையைக் கோடு கோடாகச் சொன்னேன். கோலேந்திய கையைக் கேட்டதும் சிரித்தார்.

“அச்சத்தையா மதிப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்? முப்பத்திரண்டு ஆண்டுகள் நானும் அந்தக் கோலை ஏந்தியவன்தானப்பா. அடிவாங்கிய பிள்ளைகள் ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை” என்றார். சற்று நேரம் கழித்து, “எழுதக் கடினமானது எந்தப் பக்கம்?” என்று வினவினார்.

“இடப்பக்கம், அப்பா.”

இரவு என்ன உண்டீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது போலும். குழைய வடித்த சோறும் இரசமும் என்றார். ஏன் குழைய வடிக்க வேண்டும் என்றேன். கடைவாய்ப் பற்கள் இரண்டு விழுந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன என்பதை அப்போதுதான் சொன்னார்.