காசில்லாப் பசளையின் கணக்கு

படுவான்கரையில் இன்று ‘சேதனம்’ என்ற சொல்லை உச்சரிப்பவர் சற்று எச்சரிக்கையாக இருத்தல் நலம். மண்டூரிலும் வெல்லாவெளியிலும் வேளாண்மை செய்வோருக்கு அது ஒரு பசளையின் பெயரல்ல. 2021ஆம் ஆண்டின் பெயர். கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். சிலர் எழுந்தே போய்விடுவார்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இளைப்பாறிய காலத்தில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது நண்பர்கள் பலருக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நடந்ததை வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டுகளில் நாட்டைச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவதாகத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொல்லியிருந்தார் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. அந்தப் பத்து ஆண்டுகள் 2021 மே 6ஆம் திகதி வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு ஒரே நாளாகச் சுருங்கின. இரசாயனப் பசளையும் பீடைகொல்லிகளும் இறக்குமதி செய்யத் தடை. ஈடாகச் சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கு செய்யும் பற்றீரியா இருக்கிறதென்று தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் திருப்பியனுப்பினார்கள். இறக்காத அந்தப் பசளைக்கு மக்கள் வங்கி 2022 சனவரியில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர்களைச் செலுத்த வேண்டியதாயிற்று. இந்தியாவிலிருந்து நனோ யூரியா விமானத்தில் வந்தது. நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகப் பயிர் வயலில் மஞ்சளித்து நின்றது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு மீண்டும் அரிசி இறக்குமதி செய்தது.

மண்டூருக்கு இது முதல் அனுபவமல்ல என்பதைக் கொழும்புப் பத்திரிகைகள் எழுதவில்லை. 1990களில் படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், ஒரு மூடை யூரியா வாவியைக் கடந்து வருவது இலேசான காரியமன்று. வெடிபொருளுக்கு உதவும் என்று அதற்குக் கட்டுப்பாடு. அப்போதும் நம்மவர்கள் எருவும் குழையும் போட்டே விதைத்தார்கள், விளைந்ததை உண்டார்கள். அதை எவரும் இயற்கை வாழ்வு என்று புகழவில்லை, வறுமை என்றார்கள். ஒரு முறை யுத்தத்தின் பெயரால், ஒரு முறை ஆரோக்கியத்தின் பெயரால். இரண்டு தடவையும் வயல்காரனைக் கேட்டு எவரும் முடிவெடுக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலை விட்டு ஊர் திரும்பியவனுக்குக் காலையில் செய்யக்கூடிய வேலை, வந்த பத்திரிகையில் எழுத்துப் பிழை தேடுவதுதான். அதையும் சில மாதங்கள் செய்தேன். எங்களூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். “வாழ்நாள் முழுக்கப் பேசினாய், இனி நீயும் வாய் கட்டியே இருக்கலாம்” என்றார் என்னோடு படித்த நண்பர் ஒருவர். யுத்த காலத்தில் இழப்புகளை எண்ணி எழுதிய கைக்கு வேறெதுவும் எழுத வராது என்று நானும் நம்பியிருந்தேன்.

2021 அதை மாற்றியது. தடையை ஆதரித்தும் எதிர்த்தும் கட்டுரைகள் குவிந்தன. ஆதரித்தவர்கள் மண்ணின் தூய்மையைப் பேசினார்கள்; எதிர்த்தவர்கள் விஞ்ஞானத்தைப் பேசினார்கள். ஒரு குடும்பம் நஞ்சில்லாமல் உண்ண எத்தனை ரூபா வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும், யாருடைய முதுகு நோக வேண்டும் என்று ஒருவரும் கணக்கெழுதவில்லை. கணக்கில்லாத செய்தியைச் செய்தியாசிரியர்கள் திருப்பியனுப்பிய காலத்தில் தொழில் கற்றவன் நான். ஒரு கொப்பி வாங்கினேன்.

முதலில் எழுதிய கணக்கே என்னை அடக்கிவிட்டது. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. நன்றாக மக்கிய கூட்டெருவில் ஒரு வீதம் நைதரசன் இருந்தால் பெரிய காரியம். ஆகவே ஒரு மூடை யூரியாவுக்கு 2,300 கிலோ கூட்டெரு. அதிலுள்ள நைதரசனும் ஒரே போகத்தில் முழுவதுமாகப் பயிருக்குக் கிடைப்பதில்லை. பாய்ச்சல் வயலுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மூடை யூரியா இடுவது வழக்கம். வேலியில் நிற்கும் கிளிசரியாவை வெட்டிப் போட்டால் போதாதா என்பவர்களுக்கு: 100 கிலோ பச்சையிலையில் முக்கால் கிலோ அளவே நைதரசன் தேறும். ஐந்து ஏக்கர் செய்பவன் எத்தனை வேலியை வெட்டுவது?

இந்தக் கணக்கை நான் ஒரு மூத்த வயல்காரருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “தம்பி, காசில்லாப் பசளை எண்டு சொல்லுறீங்க. சுமக்கிற கூலி ஆர் தாற?” என்றார். இந்த நான்கு சொற்கேள்வியை அமைச்சரவையில் ஒருவர் கேட்டிருந்தால் நாடு எவ்வளவோ தப்பியிருக்கும்.

அதனால் நான் வயலை விட்டு வளவுக்கு வந்தேன். பெருவயலை ஒரே போகத்தில் மாற்றச் சொல்வது அநியாயம். ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள கால் ஏக்கர் வளவில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே சுமக்கும் தூரம் அடுப்படியிலிருந்து கிணற்றடி வரைதான். வேண்டியதோ மூடை மூடையாக நெல்லல்ல. நாளுக்கொரு சுண்டல், நாளுக்கொரு கறி. பொன்னாங்காணியும் வல்லாரையும் கிணற்றடி ஈரத்திலேயே படரும். முருங்கைக்கு எவரும் பசளை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. முசுட்டையும் குறிஞ்சாவும் வேலியில் தாமாகவே ஏறும். சந்தையில் கீரைப்பிடி வாங்கும்போது எப்போது மருந்தடித்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கொழும்பின் பெருங்கடைகளில் ‘ஓர்கானிக்’ என்று ஒட்டிய கீரை ஏன் கொள்ளை விலை விற்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்த விலையில் ஒரு பங்கு கீரைக்கு. மற்றவை சான்றிதழுக்கும் பொதிக்கும் குளிரூட்டிய லொறிக்கும் கடை வாடகைக்கும். வளவுக் கீரைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இது ஏழைக்கு எட்டாத உணவு என்று சொல்பவர்கள் கீரையைப் பார்க்கவில்லை, ஒட்டிய சீட்டைப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டு வெளியேறியதும் செலவின் கேள்வியில்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். வானம் பார்த்த கரிசல் நிலத்து உழவனுக்குக் கட்டுப்படியாகாத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவர் அவர். பின்னால் வந்தவர்கள் அவருடைய பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கியூபாவையும் உதாரணம் காட்டுவார்கள். சோவியத் ஒன்றியம் சரிந்து பசளையும் எண்ணெயும் நின்றபோது ஹவானா நகரத்தவர் வெற்றுக் காணிகளில் மரக்கறி நட்டார்கள், அது உண்மை. ஆனால் அந்த நாடு அரிசியைத் தொடர்ந்து இறக்குமதி செய்தது. மரக்கறிக்கு ஒரு கணக்கு, சோற்றுக்கு வேறு கணக்கு.

சோற்றின் பக்கத்திலும் கூலி கேட்காத ஒன்று இருக்கிறது: வைக்கோல். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் பொற்றாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்கிவிடுகிறது. நெல்மணியில் போவது ஒரு பங்குதான். பொற்றாசியப் பசளை முழுவதையும் டொலர் கொடுத்து வாங்கும் நாடு இது. முன்பு சூடடித்த களத்தில் வைக்கோல் குவிந்து கிடந்தது. அதை வயலுக்குத் திரும்பப் பரப்ப ஆள் வேண்டியிருந்தது. இப்போது அறுவடை மெசின் தானே வயலில் உமிழ்ந்துவிட்டுப் போகிறது. செய்ய வேண்டியது, நெருப்பு வைக்காமல் இருப்பது. முதல் மழையில் உழுது, விதைப்புக்கு முன் சில வாரம் மக்க விட வேண்டும். உடனே விதைத்தால் மக்கும் வைக்கோல் பயிருக்குரிய நைதரசனைத் தானே இழுத்து இளம்பயிரை மஞ்சளாக்கும். இதைச் சொன்னால் எவரும் எழுந்து போவதில்லை. ‘சேதனம்’ என்ற சொல்லை மட்டும் நான் சொல்லாமல் இருந்தால் போதும்.

வளவுக் கணக்கிலும் ஒரு பொய் உண்டு. அதைச் சுட்டிக்காட்டியவர் என் அக்கா. ‘செலவு: இல்லை’ என்று நான் எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப நான் இறைச்ச தண்ணி எங்க கிடக்கு?” என்று கேட்டார். நியாயம். படுவான்கரையில் வீட்டுத்தோட்டம் என்றால் பெரும்பாலும் அது பெண்களின் கூலியில்லா உழைப்பு. அதன்பின் கொப்பியில் ரூபாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டேன்: எத்தனை வாளி, யார் தூக்கியது. நிரல் வந்தபின் சில நல்ல யோசனைகள் கைவிடப்பட்டன. வாவியோரத்து ஆற்றுவாழையை அள்ளிக் கூட்டெரு செய்வது அவற்றில் ஒன்று. அதில் பெரும்பங்கு தண்ணீர்; அள்ளியவரின் இடுப்புக்கு அது கட்டுப்படியாகவில்லை. கரையிலேயே சில நாள் வெயிலில் வாட விட்டுப் பாரம் குறைந்தபின் எடுத்தால் சரிவரும் என்கிறார் அக்கா. குளிக்கிற தண்ணீரைக் கத்தரிப் பாத்திக்குத் திருப்பிவிடுவது நிரலில் தேறியது. மருமகன்கள் ஒரு மாலையில் வாய்க்கால் வெட்டினார்கள். வாளி எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

இப்போது கொப்பியில் விதைகளின் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கும் கலப்பின விதையின் பிள்ளை தாயைப் போல் வராது. போகத்துக்குப் போகம் பணம். நாட்டுப் பயற்றைக்கும் வெண்டிக்கும் அந்தத் தொல்லை இல்லை. முதல் காய்ப்பில் நல்ல காயாகப் பார்த்து முற்ற விட்டு, உலர்த்தி, சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைத்துவிடலாம். அக்காவிடம் மூன்று வகைக் கத்தரி விதை இருக்கிறது; ஒன்றின் பெயர் அவருக்கும் மறந்துவிட்டது. பழுகாமத்தில் ஒரு முதியவருக்குத் தெரிந்திருக்கும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.