பழைய காமிக்ஸ், புதிய ஏலம்

நம் வீடுகளில் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்ட பொருள்களில் எதற்குப் பிற்காலத்தில் மவுசு வந்தது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் காமிக்ஸ் புத்தகம் என்று சொல்லிவிடுவேன். இதை வாசிப்பவர்களில் பாதிப் பேராவது அப்படிப் போட்டிருப்பீர்கள். அல்லது உங்கள் அம்மா போட்டிருப்பார்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரத்தைத் தொட்டால் ஆள் மறைந்துபோவார், அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிரிட்டனில் வந்த கதை என்பதெல்லாம் அப்போது நமக்கு யார் சொன்னார்கள்? மாயாவி நம்ம ஊர்க்காரர் மாதிரிதான் இருந்தார். அவரோடு லாரன்ஸ் – டேவிட், ஜானி நீரோ, மந்திரவாதி மாண்ட்ரேக் என்று ஒரு பட்டாளமே வந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன.

இவ்வளவு வந்தும் பழைய இதழ்கள் ஏன் கிடைப்பதில்லை? காரணம் நமக்கே தெரியும். ஒரு புத்தகத்தைத் தெருவே படிக்கும். வாடகை நூல் நிலையத்தில் கோணி ஊசியால் தைத்து, அட்டையில் முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். கைமாறிக் கைமாறி அட்டை போகும், பிறகு நடுப்பக்கம் போகும், கடைசியில் கடலை மடிக்கப் போகும். சென்னையில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டும் 1985இல் தீயில் போயிற்று. தப்பிப் பிழைத்த பிரதிகள் கொஞ்சம். அன்று அதைப் படித்த பையன்களுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். கையில் ஓய்வூதியம், நிறைய நேரம், மனசில் ஒரு ஏக்கம். மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938இல் 10 சென்ட்டுக்கு விற்றது. அதில் நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதி 2014இல் ஈபே இணைய ஏலத்தில் 32 லட்சம் டாலரைத் தாண்டியது. 2024இல் இன்னொரு பிரதி 60 லட்சம் டாலருக்குப் போனது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் கள்ளத்தனமும் புழங்கத்தானே செய்யும்.

அதில் ஒரு தந்திரம் கேட்கச் சுவாரசியமானது. 1974இல் அந்த முதல் இதழை, வெளியிட்ட நிறுவனமே பெரிய அளவில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இது மறுபதிப்பு என்று தெரிவதற்காக மேலே இன்னொரு அட்டை போட்டிருந்தார்கள். அந்த மேலட்டையைக் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பது அசல் போலவே இருக்கும், 10 சென்ட் விலை உட்பட. மேலட்டையை உரித்துவிட்டு அசல் என்று விற்றவர்கள் உண்டு. நேரில் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும். மறுபதிப்பு 13 அங்குலத்துக்கும் மேல் உயரம், அசல் அதைவிடச் சின்னது. ஆனால் படத்தில் மட்டும் பார்த்தால்? கைபேசித் திரையில் பாக்கெட் சைஸ் புத்தகமும் நாளிதழும் ஒரே அளவுதான்.

நம் ஊரில் லட்சம் டாலர் இல்லை, ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஓய்வூதியக்காரருக்குப் பத்தாயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. பாளையங்கோட்டையில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முத்து காமிக்ஸின் ஆரம்ப கால இதழ்களை எட்டு வருடமாகச் சேர்க்கிறார். அவருக்குக் கிடைக்காமல் இருந்தது ஒரே ஓர் இதழ். சிறு வயதில் அவருடைய அண்ணன், திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் வாங்கிக் கொடுத்தது அது. அண்ணன் இப்போது இல்லை. காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நண்பர் இதையெல்லாம் உருக்கமாக எழுதி, "யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் குழுவில் அதே இதழ் ஏலத்துக்கு வந்தது. அடிப்படை விலை 2,000 ரூபாய், இரவு ஒன்பது மணிவரை கேட்கலாம். நண்பர் 3,000 என்றால் யாரோ 3,500 என்கிறார். நண்பர் 6,000 என்றால் அவர் 6,500. நண்பர் 9,000இல் நின்றுவிட்டார். 9,500க்குக் கேட்டவருக்கு முடிந்தது. அன்று ராத்திரி நண்பர் சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு அவர் வீட்டம்மா சொன்னார்.

இரண்டாம் நாள் அவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "ஐயா, ஏலம் எடுத்தவர் பணம் அனுப்பவில்லை. சென்னையிலிருந்து ஒருவர் 12,000 தருகிறேன் என்கிறார். ஆனால் நீங்கள் உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இது உங்களிடம் இருப்பதுதான் நியாயம். 9,000 போதும். நான் இன்று மாலை ஊருக்குப் போகிறேன், அதற்குள் அனுப்பிவிடுங்கள்."

நண்பர் 9,000 ரூபாயும் கூரியருக்கு 250 ரூபாயும் அனுப்பினார். மறுநாள், பார்சல் வழியில் நிற்கிறது, 2,000 கட்டினால் விடுவிப்பார்கள், பிறகு திரும்ப வந்துவிடும் என்றார்கள். அதையும் அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவில்லை.

நண்பர் இதை என்னிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் நடைப்பயிற்சியில், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது. "பணம் போனாப் போகுதுவே. எங்க அண்ணன் பேரைச் சொல்லில்லா வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார். நான் பதில் பேசவில்லை. இரண்டு சுற்று சும்மாவே நடந்தோம்.

பேராசைக்காரர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நண்பருக்கு என்ன பேராசை? அவர் அந்தப் புத்தகத்தை வாங்கி விற்கப் போகிறாரா? ஏக்கத்தை ஊர் பார்க்க எழுதி வைத்தார், ஒருவன் அதையே தூண்டில் புழுவாக்கினான், அவ்வளவுதான். நமக்கு எது வேண்டும், ஏன் வேண்டும், எவ்வளவு வரைக்கும் கொடுப்போம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், விற்பவனிடம் பொருள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிர்த்துக் கேட்டவரும் அவனுடைய ஆளாகத்தான் இருக்க வேண்டும். நண்பருடைய உச்ச விலை என்ன என்று அறியத்தான் அந்த ஏலமே நடந்திருக்கிறது. தோற்றவரிடம் இரண்டாம் வாய்ப்பு என்று தனியாக வந்து பணம் கறப்பது உலகம் முழுக்க நடக்கும் பழைய தந்திரம்.

நான் தபால் துறையில் 37 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் காலத்தில் இதற்கு வி.பி.பி. என்று பெயர். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு எழுதிப் போடுவார்கள். பார்சல் வரும். பணத்தைக் கட்டினால்தான் பார்சலைக் கையில் கொடுப்போம், கட்டுவதற்கு முன் பிரிக்க முடியாது. பிரித்தால் உள்ளே செங்கல்! அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு பிடி இருந்தது. அனுப்பியவருக்கு ஒரு முகவரி உண்டு. வசூலித்த பணம் மணியார்டராக அவருக்குப் போய்ச் சேர நாளாகும். அதற்குள் புகார் வந்தால், மோசடி என்று உறுதியானால், பணத்தைப் பிடித்து வைத்துத் திருப்பித் தரச் சட்டத்தில் இடம் இருந்தது. சீக்கிரம் வந்தவர் பிழைத்தார். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தவர் செங்கல்லை வைத்துக்கொண்டார்.

இன்றும் அதே கதைதான், நாள்கள் மணிகளாகச் சுருங்கிவிட்டன. 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட்டால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்கு முன் வங்கியில் நிறுத்திவைக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. சைபர்கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டால் புகார் எண் கிடைக்கும். பணம் கிடைப்பது கஷ்டம்.

நண்பர் ஏன் மூன்று வாரம் பேசவில்லை? இங்கேதான் காமிக்ஸ் மோசடிக்காரனுக்குக் கூடுதல் சௌகரியம். நிலம் வாங்கி ஏமாந்தேன், நகைச் சீட்டில் ஏமாந்தேன் என்று வீட்டில் சொல்லிவிடலாம். "இந்த வயசுல பொம்மைப் புத்தகத்துக்குப் பதினோராயிரமா?" என்று மகன் கேட்டால் என்ன சொல்வது? ஏமாந்த வெட்கம் ஒன்று, ஆசைப்பட்ட வெட்கம் இன்னொன்று. இரண்டு பூட்டுப் போட்ட வாய் எப்படித் திறக்கும்?

ஒருவழியாக நண்பர் தன் பெயரிலேயே, நடந்ததைத் தேதி, தொகை, எண் எல்லாம் போட்டுக் குழுவில் எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு பேர் அவரைக் கூப்பிட்டார்கள். அதே புத்தகம், அதே படம், அதே ஊருக்குப் போகும் அவசரம். ஒருவர் நண்பருக்கு ஒரு மாதம் முன்பே பணம் அனுப்பியவர். அவர் அன்றே வாய் திறந்திருந்தால் மற்ற நான்கு பேர் தப்பியிருப்பார்கள். இதை அவரே சொல்லி அழாத குறையாக வருத்தப்பட்டாராம். குழுவில் இருந்த ஒரு இளைஞர் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தார். கோயம்புத்தூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் தன் பக்கத்தில் போட்ட படம் அது. அட்டை மூலையில் இருந்த நூல் நிலைய முத்திரையும் ஓரக் கிழிசலும் காட்டிக் கொடுத்துவிட்டன. புத்தகம் இன்னும் அவருடைய பீரோவில்தான் இருக்கிறது.

அதன்பிறகு நாங்கள் சிலர் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட விஷயங்களைச் சொல்கிறேன். காமிக்ஸ் மட்டுமல்ல, பழைய நாணயம், தபால்தலை, கிராமபோன் தட்டு எது வாங்கினாலும் பொருந்தும்.

வாங்கும் முன், ஒரு தாளில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிப் புத்தகத்தின் மேல் வைத்துப் படம் கேளுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோல் இருக்கட்டும். 37ஆம் பக்கத்தைக் காட்டுங்கள் என்று நீங்களாக ஓர் எண் சொல்லுங்கள். புத்தகம் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. பல பழைய கதைகள் பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. அதனால் விலை, இதழ் எண், பின்னட்டை விளம்பரம் மூன்றையும் பாருங்கள். ஏலம் நடந்த இடத்துக்கு வெளியே தனியாக வரும் சலுகையைத் தொடாதீர்கள். இன்று மாலைக்குள் என்றால் விட்டுவிடுங்கள். ஐம்பது வருடம் காத்திருந்த புத்தகம் நாளைவரை காத்திருக்காதா?

விற்பவர்களுக்கும் ஒன்று. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் அனுப்பியதாகப் படம் காட்டினாலும், வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, என்ன வாங்குகிறீர்கள், எவ்வளவுக்கு என்று வீட்டில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நண்பர் கடைசியில் மகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லையாம். "பெரியப்பா வாங்கித் தந்த புக்காப்பா? எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே" என்று கேட்டானாம். புகாரைப் பதிவு செய்ததும் அவன்தான். பணம் இன்னும் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரர் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் வந்தால் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம் என்று நண்பரை அழைத்திருக்கிறார். அடுத்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம்.

இதற்கிடையில் உங்கள் பரணில் பழைய முத்து காமிக்ஸ் ஏதாவது அகப்பட்டால், எடைக்குப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நேரில் வந்து, பக்கம் எண்ணிப் பார்த்து, கையில் பணம் கொடுத்துத்தான் வாங்குவோம்.