தறி வீட்டுல ஒரு ஜாஸ் பியானோ!

ஆரணிக்கு ரயிலில் போகலாம்னு அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துடாதீங்க. காட்பாடி - விழுப்புரம் லைனில் 'ஆரணி ரோடு'ன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு. பேருதான் ஆரணி... இறங்கிப் பார்த்தா களம்பூர்! அங்கிருந்து மறுபடி பஸ் பிடிக்கணும். அதுக்கு சென்னையிலேயே பஸ் ஏறி, ஜன்னல் சீட்டில் ஒரு தூக்கம் போட்டுக்கிட்டே போயிடலாம்.

ஊர் வந்துடுச்சுன்னு முதலில் சொல்றது பட்டு இல்ல, நெல் வேகும் வாசனை. ரைஸ் மில்களுக்கும் பேர் போன ஊர். கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில், 1751 டிசம்பரில் ஆற்காடு முற்றுகை முடிஞ்ச கையோட ராபர்ட் கிளைவ் வந்து சண்டை போட்ட பூமின்னு சரித்திரமும் உண்டு. அதையெல்லாம் ஒரு ரவுண்டு பார்த்துட்டு நெசவாளர் தெருக்களுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா, காதுதான் முதலில் முழிச்சுக்கும். டடக்... டக். டடக்... டக். வாசல் திறந்த வீடெல்லாம் தறிச் சத்தம்.

அப்படி ஒரு வீட்டில், தறிக்கு நாலடி தள்ளி, பழைய சேலை போர்த்தின ஒரு கீபோர்டு. 61 கட்டை. அதில் ஜாஸ் பழகுறார் ஒரு ஃபைனல் இயர் மாணவர். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். 'காலேஜ்ல ஓட்டுவாங்கண்ணா!'

ஜாஸ்னா ஸ்டார் ஹோட்டல் சமாச்சாரம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1958லேயே அமெரிக்க பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தன் குழுவோடு சென்னைக்கு வந்திருக்கார். அவரோட டிரம்மர் ஜோ மொரெல்லோ, நம்ம மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசிச்சிருக்கார். சென்னையிலேயே ஜாஸ் பியானோவைப் பிடிவாதமா வாசிச்சுக்கிட்டு இருந்த மாதவ் சாரி 2015ல் இறந்துபோனார். ஆனா இதெல்லாம் நடந்தது மூணு மணி நேரத்துக்கு மேல பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில். ஆரணியில் நம்ம ஆளுக்கு வாத்தியார் செல்போன்தான்.

தினமும் காலை அஞ்சு மணிக்கு, தறி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்றார். ஜாஸில் 'டூ-ஃபைவ்-ஒன்'னு ஒரு கார்டு வரிசை உண்டு. டி மைனர், ஜி செவன்த், சி மேஜர். நம்ம ஊர் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான். அதை 12 ஸ்கேலிலும் இடது கை தானா தேடிப் போற வரைக்கும் வாசிக்கணும். மெட்ரோனோமை ஒண்ணு, மூணில் தட்ட விடாம ரெண்டு, நாலில் தட்ட விட்டுப் பழகணும். அப்பதான் அந்த 'ஸ்விங்' வரும். அப்புறம் ஏதாவது ஒரு பழைய ரெக்கார்டை எடுத்து, வேகத்தைப் பாதியாக் குறைச்சு, நாலே நாலு பார் மட்டும் காதால் பிடிச்சு விரலில் இறக்கணும். ஒரு வாரத்துக்கு நாலு பார்! கேட்கவே நமக்குக் கொட்டாவி வருது.

'போரடிக்கலையா?'ன்னு கேட்டதும் அவர் பதில் சொல்லல. தறியில் இருந்த அவங்க அப்பா சொன்னார்: 'ரெண்டு நாள் குழியில எறங்கலன்னா மூணாம் நாள் கையி நம்ம பேச்சக் கேக்காது தம்பி. இதப் போயி பெரிய விசயமாக் கேக்குறீங்களே!'

தறிச் சத்தமே ஜாஸ் தாளம்தான்னு எழுதிட்டுப் போக ஆசையாத்தான் இருக்கு. ஆனா பொய். தறியோட தாளம் நேர் தாளம். இழை அறுந்தா நின்னுடும். நிஜமான சொந்தம் தறிக்கு மேல தொங்குது. ஜக்கார்டு பெட்டி, அதில் கோத்த ஓட்டை போட்ட அட்டைகள். நெசவாளி மிதியை மிதிச்சதும் ஒரு அட்டை வந்து நிக்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதுக்குரிய பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லேன்னா இழை கீழேயே கிடக்கும். மயிலும் மாங்காயும் பார்டரில் வர்றது இப்படித்தான். ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கில் அட்டை வேணும். இப்ப சில தறிகளில் அட்டை போய் எலெக்ட்ரானிக் பெட்டி வந்தாச்சு.

பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804ல் கொண்டு வந்த இந்த வித்தையோட தூரத்து வாரிசுதான், 19ஆம் நூற்றாண்டு முடியும்போது அமெரிக்க வீடுகளுக்குள்ள நுழைஞ்ச தானியங்கி பியானோ. அட்டைக்குப் பதில் ஓட்டை போட்ட பேப்பர் ரோல். ஓட்டை வழியா காற்று போனா அதுக்குரிய கட்டை தானா அமுங்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசிச்ச 'கரோலினா ஷவுட்'டை வாஷிங்டனில் ஒரு இளைஞர் இப்படித்தான் கத்துக்கிட்டார். நண்பர் வீட்டு மெஷினில் ரோலை மெதுவா ஓட விட்டு, தானா அமுங்குற கட்டைகள் மேல தன் விரலை வெச்சு வெச்சு... 1921ல் ஜான்சன் அந்த ஊருக்கு வந்தப்போ, அவர் முன்னாடியே அதை வாசிச்சும் காட்டினார். அவர்தான் டியூக் எலிங்டன். ஃபேட்ஸ் வாலர் பழகினதும் இதே வழியில்தான். வேகத்தைப் பாதியாக் குறைச்சு வாசிக்கிற நம்ம ஆரணிப் பையன் பண்றதும் வேற என்ன?

ஆனா எலிங்டன் அந்த ரோலோட நிக்கல. கத்துக்கிட்டு, அதை விட்டு வெளியே வந்தார். ஜாஸே அங்கேதான் ஆரம்பிக்குது. நெசவாளிக்கு அந்த சுதந்திரம் கிடையாது. அட்டையில் இல்லாத ஒரு இழையை ஆசைக்காகத் தூக்கினா, அது டிசைன் இல்ல, டேமேஜ். கூலியில் பிடிச்சுடுவாங்க. காஞ்சிபுரத்தை விட எடை குறைவான பட்டுன்னு ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்த கைகளுக்கு, என்ன கலர், என்ன பார்டர்னு முடிவு பண்ற உரிமை பெரும்பாலும் இல்ல. அது பாவு கொடுக்கிற முதலாளியோடது.

பையனைத் தறிக்கு வராதேன்னு சொன்னதும் அப்பாதான். சின்ன வயசுல தார் சுத்தினதோடு சரி. வர்ற மே மாசம் டிகிரி முடியுது. சென்னையில் வேலைக்குப் போறதா, ரெண்டு வருஷம் மியூசிக் படிக்கிறதான்னு வீட்டில் இன்னும் பேச்சு முடியல. ஃபீஸைச் சொன்னதும் அம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்களாம்! அப்பா இன்னும் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. படிச்சாலும் அப்புறம் ஜாஸ் சோறு போடுமான்னு என்னையும் கேட்டார். 'ஜாஸ் மட்டும்னா கஷ்டம்தாங்க. கல்யாணக் கச்சேரி, ரெக்கார்டிங், டியூஷன்னு சேர்த்துப் பண்ணணும்'னு தெரிஞ்சதைச் சொன்னேன். தலையாட்டிக்கிட்டே நாடாவில் தார் மாத்தினார்.

சாயங்காலம் கரன்ட் போச்சு. கீபோர்டு ஊமை. தறி மட்டும் வாசல் வெளிச்சத்தில் ஓடிக்கிட்டே இருந்தது. திரும்பக் கரன்ட் வந்ததும் அப்பா காலைத் தூக்கிக் குழியிலிருந்து ஏறி வந்து, 'அந்த காதுல மாட்டறத கழட்டுறா... ராஜா பாட்டு ஒண்ணு வாசி'ன்னார். பையன் வாசிச்சான். ரெண்டாவது சரணத்தில் மெட்டை லேசா வளைச்சு எங்கேயோ போயிட்டு வந்தான். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

'பாட்டுல இது இல்லியே?'

'இல்லப்பா.'

'ம்... இன்னொரு வாட்டி வாசி.'